லோடு வண்டியில் ஸ்பார்க் இல்லாத நாட்கள்

தை மாதம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் முழுசாகத் தூங்குவதில்லை. யாரும் என்றால் நாங்கள் இரண்டு பேர்தான். மகள் கல்யாணமாகி ஓசூர் பக்கம் போய்விட்டாள். மயிலாப்பூரிலிருந்து மந்தைவெளிக்குப் போகும் ஒரு குறுக்குத் தெருவில் பாத்திரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறோம். முன்னால் ஷட்டர் போட்ட கடை, அதற்குப் பின்னாலேயே வீடு. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் அண்டா, குண்டான், நாற்காலி, மேஜை எல்லாவற்றையும் கொண்டுபோய் இறக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் எச்சில் காய்ந்துபோன பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு வந்து மறுபடி தேய்க்க வேண்டும்.

இத்தனைக்கும் எங்களிடம் இருந்தது ஒரே வண்டி. பின்னால் திறந்த தொட்டி வைத்த பழைய பெட்ரோல் வண்டி. அதில் டிரைவர் சீட்டைத் தூக்கினால்தான் இன்ஜின் தெரியும். ஓட்டுகிறவர் என் கணவர். அவர் எனக்கு மாமன் மகன். கல்யாணத்துக்கு முன்னாலும் மாமா என்றுதான் கூப்பிட்டேன், இப்போதும் அப்படித்தான்.

அன்றைக்கு தி.நகரில் ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தோம். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மயிலாப்பூர் லஸ் முனை நெருங்கும் இடத்தில் மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடைத்து, ரோடு ஒரு வண்டி போகிற அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. அந்த இடமாகப் பார்த்து வண்டி நின்றது. குலுங்கவில்லை, இருமவில்லை. பேசிக்கொண்டிருந்த ஆள் பாதிப் பேச்சில் வாயை மூடிக்கொண்ட மாதிரி நின்றுவிட்டது.

மாமா சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியது. ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை. பின்னால் ஹாரன் சத்தம் ஆரம்பித்தது. நாலைந்து பேர் சேர்ந்து தள்ளி, தகரத்துக்கும் ஒரு மருந்துக் கடைக்கும் நடுவில் இருந்த சந்தில் வண்டியை நுழைத்துவிட்டார்கள்.

"பெட்ரோலு கீது, வாசனை வருது," என்றார் மாமா. சீட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, பெட்ரோலைப் பற்ற வைக்கும் பிளக்குகளில் ஒன்றின் வயரைப் பிடுங்கி, டூல் பையில் வைத்திருந்த பழைய பிளக்கை அதன் முனையில் சொருகினார். பிளக்கின் உடம்பை இன்ஜின் இரும்பில் படும்படி வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"சாவியத் திருப்பும்மே."

நான் கதவுப் பக்கம் நின்று கையை நீட்டித் திருப்பினேன். இன்ஜின் சுற்றியது. நானும் எட்டிப் பார்த்தேன். பிளக் முனையில் பொறி எதுவும் இல்லை.

"ஸ்பார்க்கு வர்ல," என்றார். "கரண்டு அங்க வந்து சேர்ல. வேற ஒண்ணும் இல்ல."

அவர் இளவயதில் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு வண்டிப் பட்டறையில் சில வருஷம் வேலை பார்த்தவர். இந்த மாதிரி பழைய இன்ஜின் அவருக்கு அத்துப்படி. அதனால் நானும் பெரிதாகக் கவலைப்படவில்லை. அந்தப் பக்கமாக வாழை இலை இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு வண்டிக்காரர் பந்தல் கயிற்றால் கட்டி எங்களை வீடு வரைக்கும் இழுத்து வந்துவிட்டார்.

வழக்கமாக வண்டி பார்க்கும் மெக்கானிக் பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. பக்கத்து ரோட்டில் புதிதாக ஒரு வொர்க்‌ஷாப் வந்திருக்கிறது. நான் போய்க் கேட்டேன். அங்கிருந்தவர் மரியாதையாகவே சொன்னார். "அக்கா, அந்த வண்டியில பழுது பாக்கற கம்ப்யூட்டர மாட்ற எடமே இல்ல. நாங்க எடுத்தா ஒரு வாரம் நின்னுரும். உங்க வூட்டுக்காருக்குத் தெரியும்னா அவரையே பாக்கச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை அடையாறில் ஒரு வீட்டு விசேஷம். அதற்கு முன்னால் வண்டி கிளம்ப வேண்டும்.

மறுநாள் காலையில் தேய்க்க வேண்டிய பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டு இரண்டு பேரும் வண்டியோடு உட்கார்ந்தோம். மாமா ஒவ்வொன்றாகப் பார்த்தார். சின்ன பல்பில் இரண்டு வயர் கட்டி, காயிலுக்குக் கரண்டு வருகிறதா என்று சோதித்தார். காயில் என்பது பேட்டரியின் சின்ன கரண்டைப் பெரிதாக்கி பிளக்குக்கு அனுப்புகிற டப்பா. பல்ப் எரிந்தது.

"எரியுதா?" என்றார்.

"எரியுது."

"இன்னொரு பக்கம் வெக்கறேன். சாவியத் திருப்பிகினே பாரு. மின்னி மின்னி வரணும்."

மின்னி மின்னி வந்தது. சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"அப்ப காயிலுக்கு வர்ற வரைக்கும் எல்லாம் சரி. அத்தத் தாண்டித்தான் போவல. காயிலு பூட்ச்சி."

காரணம் தெளிவாகத்தான் இருந்தது. சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும் என்று நினைத்து, மதியத்துக்கு ரசம் மட்டும் வைத்தேன். அவர் பஸ் பிடித்துப் புதுப்பேட்டைக்குப் போனார். பழைய வண்டிச் சாமான்கள் எதுவானாலும் அங்கே கிடைக்கும். போய்வர இரண்டு மணி நேரம் ஆகும் என்று நினைத்தேன். அவர் வந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். கையில் காயில் இருந்தது. முழங்காலில் பேண்ட் கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது.

"இன்னா மாமா இது?"

"பிளாட்பாரம் ஒசரமா கீது. தடுக்கிச்சு."

அவ்வளவுதான் சொன்னார். நான் காயத்தைக் கழுவி மருந்து போட்டேன். இருபது வருஷமாக சர்க்கரை வியாதி உள்ளவர், காலில் காயம் என்றால் எனக்குப் பயம். அந்தப் பயத்தில் மற்றது எதுவும் மனதில் நிற்கவில்லை.

விடிந்ததும் புது காயிலை மாட்டினார். கூடவே டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் கழற்றித் துடைத்தார். நாலு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுப்பது அதுதான். அதிலிருந்த நாலு தடித்த வயர்களையும் பிடுங்கி, துணியால் துடைத்து, திரும்பச் சொருகினார். பழைய பிளக்கை வயரில் மாட்டி இரும்பில் வைத்துக் குனிந்தார்.

"திருப்பு."

திருப்பினேன்.

"வருதா மாமா?"

"இல்ல."

மறுபடி திருப்பினேன். மறுபடி இல்லை. அவர் நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளிச்சம் அதிகம், அதனால் தெரியவில்லை என்றார். வாடகைக்கு விடும் ஜமக்காளம் ஒன்றைக் கொண்டுவந்து வண்டியின் மேல் போர்த்தினேன். உள்ளே இருட்டும் புழுக்கமும் பெட்ரோல் நெடியும். அவர் தலையை அதற்குள் விட்டுக்கொண்டார். நான் வெளியே நின்று கையை மட்டும் உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பினேன்.

"வருதா?"

"வர்ல."

அன்று பகல் முழுக்க இந்த இரண்டு வார்த்தைகள்தான் எங்களுக்குள் போய்க்கொண்டிருந்தன. வாங்கி வந்த புது காயிலே பழுதோ என்று சந்தேகப்பட்டார். பிறகு டிஸ்ட்ரிபியூட்டரோடு சேர்ந்த கண்டன்சர் என்கிற சின்ன டப்பியை மாற்றினார். பிறகு அதற்குள்ளே கரண்டை விட்டு விட்டு அனுப்புகிற பாயிண்டை மாற்றினார். தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவர் சாமான்களைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். ஒவ்வொன்றையும் மாட்டி முடிக்க, முன்னெல்லாம் அவருக்கு ஆகிற நேரத்தைப் போல இரண்டு மூன்று பங்கு ஆனது. சின்ன திருகாணி கீழே விழுந்தால் கையால் தடவித் தடவித் தேடினார். நான் எடுத்துக் கொடுத்தால் கோபம் வந்தது.

ஒரு தடவை திருப்பும்போது இன்ஜின் பக்கமிருந்து டப்பென்று ஒரு சத்தம் வந்தது.

"மாமா, அது இன்னா?"

"ஒண்ணியும் இல்ல. திருப்பு."

பேட்டரி இறங்கிப்போனது. அதை சைக்கிள் கடையில் கொண்டுபோய் சார்ஜில் போட்டோம். அந்த இடைவெளியில் நான் பாத்திரங்களுக்கு முன்னால் உட்கார்ந்தேன். கல்யாணச் சாம்பார் காய்ந்து அண்டாவோடு ஒட்டியிருந்தது. கை தேய்த்துக்கொண்டிருந்தது, கண் சொருகியது. அவர் ஒரு வாடகை நாற்காலியில் உட்கார்ந்து, வண்டியைப் பார்த்தபடி இருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு வெளியிலிருந்து வண்டி பிடித்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். அவர் டூல் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பேட்டரி வந்ததும் மறுபடி ஜமக்காளத்துக்குள் போனார். நான் சாவியைத் திருப்பினேன். உள்ளே அவர் உடம்பு தூக்கிவாரிப் போட்டது. ஸ்பேனர் கீழே விழுந்தது. வெளியே வந்து வலது கையை உதறினார்.

"ஷாக் அடிச்சிச்சு. வயரு எங்கியோ லீக்கு."

"ஷாக் அடிக்குதுன்னா கரண்டு வருதுதானே?"

"கரண்டு வருது. ஸ்பார்க்கு வர்லன்னு சொல்லிகினு கீறேன்ல."

அவர் அலுப்பாகச் சொன்னார். எனக்கு அது இடித்தது. கையைத் தூக்கி அடிக்கிற கரண்டு பிளக்கில் மட்டும் எப்படி வராமல் போகும்? நான் பத்தாவது வரை படித்தவள். ஆனால் இதற்குப் படிப்பு ஒன்றும் தேவையில்லை.

"நீ சாவியத் திருப்பு மாமா. நான் பாக்கறேன்."

"நீ இன்னாத்தப் பாக்கப் போற?"

"முதுகு வலிக்குதுன்னு சொன்னல்ல. கொஞ்ச நேரம் நில்லு."

மரப்பிடி போட்ட இடுக்கியால் வயரைப் பிடித்துக்கொண்டு ஜமக்காளத்துக்குள் தலையை விட்டேன். அவர் திருப்பினார். பிளக் முனையில் டிக் டிக் என்று சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு நீலப் பொறி. மங்கலாகக்கூட இல்லை. தீக்குச்சி உரசுகிற மாதிரி, பளிச்சென்று இருந்தது.

முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. "வருது மாமா," என்றேன். "நல்லா வருது."

அவர் திருப்புவதை நிறுத்தினார். "எங்க?"

"இங்கதான். நீயே பாரு."

அவர் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்து எனக்கு எதிரில் குனிந்தார். நான் ஒரு கையில் இடுக்கியைப் பிடித்தபடி இன்னொரு கையை நீட்டிச் சாவியைத் திருப்பினேன். பொறி பறந்தது. அவர் முகம் அதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அந்த வெளிச்சம் அவர் மூக்கில் பட்டுப் பட்டு மறைந்தது. கண் பிளக்கைப் பார்க்கவில்லை. அதற்குக் கொஞ்சம் தள்ளி, வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது.

"தெர்தா?"

அவர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தார். கோழி பார்க்கிற மாதிரி சாய்த்து சாய்த்துப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"சத்தம் கேக்குது."

நான் சாவியை விட்டேன். ஜமக்காளத்தை எடுத்து மடித்தேன். மடித்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

"எத்தினி நாளா?"

"தீவாளிக்கு மின்னாடி. எடது கண்ணுல ஒட்டடை மாதிரி தொங்கிச்சு. போய்டும்னு பாத்தேன். வலது கண்ணு மொதல்லயே கொஞ்சம் மங்கல்." அவர் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே பேசினார். "நேராப் பாத்தா அந்த எடத்துல ஒண்ணும் இல்லாத மாதிரி கீது. ஓரத்துல தெரியும்."

"அப்புறம் வண்டி எப்படி ஓட்டின?"

"பழகின ரோடுதானே."

தி.நகரிலிருந்து லஸ் வரைக்கும், தகரங்களுக்கு நடுவில், ஸ்கூல் பிள்ளைகள் குறுக்கே ஓடுகிற தெருக்களில், தொட்டி நிறைய இரும்பு நாற்காலி ஏற்றிக்கொண்டு நாங்கள் போய்வந்த நாட்கள் எல்லாம் ஒன்றாக என் முன்னால் வந்து நின்றன. திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர் தலை குனிந்து நின்றார். சட்டையெல்லாம் வேர்வையும் எண்ணெயும். திட்டுவதற்கு உடம்பில் தெம்பு இல்லை.

"சொன்னா நீ வண்டிய எடுக்க வுடமாட்ட," என்றார். "வண்டி இல்லாம நாம இன்னா பண்றது?"

"இப்ப மட்டும் இன்னா பண்ணப் போறோம்?"

அவர் கிரீஸ் துணியை வண்டித் தொட்டிக்குள் போட்டார்.

வண்டி அப்படியே திறந்து கிடந்தது. அதை முடிக்காமல் உள்ளே போகவும் மனசு வரவில்லை. "சரி, ஸ்பார்க்கு வருதில்ல, ஏன் பிடிக்கல?" என்று கேட்டேன். அவர் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து வயர்கள் எந்தெந்த பிளக்குக்குப் போகின்றன என்று கேட்டார். ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்துச் சொன்னேன். இரண்டு வயர்கள் இடம் மாறியிருந்தன. துடைத்துவிட்டுத் திரும்பச் சொருகியபோது மாறியிருக்கிறது. ஒரு பிளக்குக்கு வர வேண்டிய நேரத்தில் இன்னொன்றுக்குப் பொறி போயிருக்கிறது. டப்பென்ற சத்தம் அதனால் வந்ததுதான். புது காயில் போட்ட அந்தக் காலையிலேயே பழுது சரியாகிவிட்டது. அதற்கப்புறம் நாங்கள் தேடியதெல்லாம் இல்லாத பழுதை.

அவர் சொல்லச் சொல்ல வயர்களை மாற்றினேன். சுற்றிச் சுற்றியே பெட்ரோலில் நனைந்துபோயிருந்த நாலு பிளக்கையும் கழற்றி, அடுப்புப் பக்கம் வைத்துக் காயவைத்து எடுத்து வந்து மாட்டினேன். பிளக்கை இறுக்குவது எனக்குப் புதிது. எந்த அளவுக்கு என்று தெரியவில்லை. அவர் என் கைமேல் கையை வைத்து, "போதும், இதுக்கு மேல வேணாம்," என்றார்.

சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. புகை கக்கிவிட்டு, சீராக ஓட ஆரம்பித்தது. எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்து, "வந்துருச்சா?" என்று கேட்டார்கள். நான் தலையாட்டினேன். மாமா தண்ணீர்க் குழாய்க்குப் போய்க் கை கழுவ ஆரம்பித்தார். சோப்பு கரைந்துகொண்டே இருந்தது. அவர் கழுவிக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாமான்களை வாடகை வண்டியில் அனுப்பினேன். திங்கட்கிழமை கண் ஆஸ்பத்திரி. கண்ணில் மருந்து விட்டு விட்டுக் காக்க வைத்தார்கள். டாக்டர் சின்னப் பெண், எங்கள் மகள் வயதுதான் இருக்கும். விளக்கை வைத்து இரண்டு கண்ணையும் நெடுநேரம் பார்த்தாள்.

"வண்டி ஓட்டுறீங்களாப்பா?"

"இல்லம்மா," என்றார் மாமா.

"ஓட்டறாரு," என்றேன் நான். "லோடு வண்டி. போன வாரம் வரைக்கும்."

டாக்டர் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சர்க்கரையால் விழித்திரையில் ரத்தம் கசிந்திருக்கிறது என்றாள். கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், லேசர் வைக்க வேண்டும், ஒரு தடவையில் முடியாது என்றாள். "போன பார்வை திரும்ப வரும்னு நான் சொல்ல மாட்டேன். இருக்கிறதைக் காப்பாத்தலாம். அதுக்கு நீங்க ஒழுங்கா வரணும். இனிமே வண்டி ஓட்டக் கூடாது. இதை ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

மாமா "சரிம்மா" என்றார். வெளியே வந்து, வராந்தாவில் நடக்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் விட்ட மருந்தால் எல்லாம் கூசுகிறது என்றார். அதுவரை தெருவில் அவர் என்னைத் தொட்டு நடந்ததில்லை.

இப்போது வண்டி ஓட்ட ஓர் ஆள் வருகிறார். திருவல்லிக்கேணியில் தங்கியிருக்கிறவர், மற்ற நாட்களில் வேறு வண்டி ஓட்டுகிறார், முகூர்த்த நாட்களில் எங்களுக்கு. முதல் சில தடவை மாமாவும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "லெப்ட்ல வாங்கு நைனா, கியர மாத்து," என்று சொல்லிக்கொண்டே போனார். அவருக்கு லெப்டில் என்ன இருக்கிறது என்று தெரியாது. சத்தத்தை வைத்துச் சொன்னார். டிரைவர் பொறுமைசாலி. கேட்டுக்கொண்டார். நாளடைவில் மாமா ஏறுவதை விட்டுவிட்டார்.

ஊசி போடும் நாட்களில் நானும் கூடப் போகிறேன். நாலைந்து ஊசி ஆகிவிட்டது. இடது கண்ணில் அந்த ஒட்டடை கொஞ்சம் விலகியிருக்கிறது என்கிறார். எதிரில் நிற்பது நான்தான் என்று தெரிகிறதாம், முகம் சரியாகத் தெரியவில்லையாம். அடுத்த ஊசிக்குப் பிறகு பார்க்கலாம் என்கிறாள் டாக்டர்.

போன முறை ஊசி போட்டுவிட்டுக் கண்ணில் கட்டோடு ஆட்டோவில் வந்து இறங்கினோம். கடை வாசலில் டிரைவர் காத்துக்கொண்டிருந்தார். அடையாறுக்கு நூறு நாற்காலி போக வேண்டும். மாமாவை உள்ளே கட்டிலில் படுக்க வைத்து, மின்விசிறியைப் போட்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு வெளியே வந்து, நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி டிரைவரிடம் தூக்கிக் கொடுக்க ஆரம்பித்தேன்.